ஒதுக்கி வைத்த நாற்காலிகள்

நாற்காலியின் கால் முறிந்து, மாமா தொபுக்கென்று தரையில் உட்கார்ந்ததும், இழவு வீடு என்பதையும் மறந்து யாரோ சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து இப்படி எத்தனையாவது நாற்காலியோ! மாமா கனத்த உடம்புக்காரர்தான், அதற்காக இப்படியா? செத்தவரின் தம்பி ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டு, அதே வேகத்தில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அவனுக்கு நிற்க நேரமில்லை. அண்ணன் தம்பி இருவருமே போலீஸ். கடைத்தெருவில் அவர்களைப் பெரிய ஏட்டு, சின்ன ஏட்டு என்றுதான் சொல்வார்கள். பெரிய ஏட்டு தூக்கத்திலேயே நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார். சேதி கேட்டதிலிருந்து சின்ன ஏட்டு பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அழக்கூட இல்லை, போன் போட்டான். "நான்தான். பந்தல், நாற்காலி, குளிர்பெட்டி எல்லாம் அனுப்பு." "நான்தான். மாலை வேணும்." "நான்தான். வண்டி ரெடி பண்ணு." விலாசம் சொன்னான், வைத்தான். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. வாடகை என்ற பேச்சே எழவில்லை. அண்ணனை ராஜா மாதிரி அனுப்பப்போகிறோம் என்று அவனுக்கு நெஞ்சு விம்மியது.

"தம்பி, இங்க வா."

உள்ளே அண்ணி கூப்பிட்டாள். அண்ணன் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் கடகடவென்று அடித்துக்கொண்டது. மூடி சரியாக உட்காராமல், இடுக்கில் யாரோ துணியை மடித்துச் செருகியிருந்தார்கள்.

"இந்தப் பெட்டிக்கு என்ன வாடகை?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அண்ணி."

"குடுத்துட்டியா?"

"நம்ம ஆளுதான், அவன் ஒண்ணும்..."

"குடுத்தியா, குடுக்கலியா?"

தம்பி பெட்டியைப் பார்த்தான். அண்ணி எழுந்து நின்றாள்.

"இந்த மனுஷன் சர்வீஸ் பூரா ஓசியில ஒரு டீ குடிச்சதில்ல. செத்த அன்னிக்கு ஓசிப் பெட்டியில படுக்க வச்சிருக்கியே, நல்லா இருக்கா உனக்கு?"

"அண்ணி, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! போ, எல்லாத்துக்கும் காசு குடுத்துட்டு வா. அதுக்கப்புறம் எடுக்கலாம். குடுக்காம வந்தேன்னா நீ அவருக்குத் தோள் குடுக்க வேணாம். மாமா பையன் முன்னாடி நிப்பான்."

தம்பிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்பா போனபின் அவனுக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பியது அண்ணன். அவரைச் சுமக்க இன்னொருத்தனா? செருப்பைத் தேடக்கூட இல்லை, வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

போகிற வழியெல்லாம் கோபம். செத்தவர் மேலேயே கோபம். அவன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன காலத்தில், காணாமல் போன ஒரு பிள்ளையை அண்ணன் அலைந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். பிள்ளையைப் பெற்றவர் சந்தோஷம் தாங்காமல் ஒரு புது சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தம்பி மணியைக்கூட அடித்துப் பார்த்துவிட்டான். அண்ணன் அந்த மனுஷரின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டே தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். "அதான் சம்பளம் குடுக்கறாங்களேடா" என்றார். அன்று தம்பி சாப்பிடவில்லை. பின்னால் அவனும் போலீஸானபோது, ஆசையாகக் கொடுப்பவர்களின் மனதை நோகடிக்கக் கூடாது என்று தனக்கொரு நியாயத்தைச் செய்துகொண்டான். ஒருவரும் முகம் சுளித்ததில்லையே! சிரித்துக்கொண்டுதானே கொடுத்தார்கள்?

பந்தல்காரர் கடை முற்றத்தில் நின்றிருந்தார். தம்பி பையிலிருந்து பணத்தை எடுத்ததும், மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினார்.

"வேணாம் சார். நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?"

"தப்பு என்னய்யா தப்பு? வாடகை. வாங்கிக்கோ."

"புள்ளகுட்டிக்காரன் சார். எதுலயும் மாட்டி விட்றாதீங்க." அவர் கண் எதிர்க்கடை மாடியில் கேமரா இருக்கிறதா என்று தேடியது.

"யோவ், எங்க அண்ணன் செத்துப் போயிட்டாருய்யா!"

காலையிலிருந்து அவன் இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

"பெரிய ஏட்டா?" பந்தல்காரர் கை தானாக முன்னால் வந்தது. "ஐயையோ! அவருக்கா அந்தப் பெட்டிய அனுப்பினேன்? பாவி! யாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"ஏன், அந்தப் பெட்டிக்கு என்ன?"

அவர் பார்வை போன திசையில் தம்பியும் பார்த்தான். முற்றத்து மூலையில் ஒரு குவியல். கம்பி சுற்றிய கால்களோடு நாற்காலிகள், கிழிந்த தார்ப்பாய், கழுத்து ஒடிந்த மின்விசிறி. உள்ளே கொட்டகையில் நல்ல நாற்காலிகள் பளபளவென்று வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

"இந்த மூலை எங்களுக்குன்னு ஒதுக்கினதா?"

"சார்..."

"சொல்லுய்யா, அடிக்க மாட்டேன்."

"காசு வராத எடத்துக்குன்னு எல்லாக் கடையிலயும் ஒரு மூலை இருக்கு சார். பூக்கடையில நேத்துப் பூ. டீக்கடையில அடி டிக்காஷன்." பந்தல்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கே தெரியும்னுல்ல நெனச்சோம்."

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இந்தக் கடைத்தெருவிலேயே டீ என்றால் இப்படித்தான் கசக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பெரியவருக்கு?" என்று கேட்டான்.

"அவரு காசு குடுப்பாரே சார். நாங்களும் நல்லதாத்தான் குடுக்கணும். டீயில சர்க்கரை கம்மியா இருந்தா சண்டை போடுவாரு."

தம்பி சிரித்தான், உடனே அழுகை வந்தது. இரண்டையும் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "ஐயா, நல்ல பெட்டியா குடுங்க. நல்ல நாற்காலி. சீக்கிரம்." பந்தல்காரர் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டு, தானே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

அங்கிருந்தே வண்டிக்காரருக்கு போன் போட்டு வாடகையைக் கேட்டான். அந்தப் பக்கம் மூச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தான். பிறகு, "சார், உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கவலையாக ஒரு குரல் வந்தது. விவரம் சொன்னதும், "அப்போ வேற வண்டி எடுத்துட்டு வரேன் சார், அது வழியில நின்னாலும் நின்னுரும்" என்றார் வண்டிக்காரர்.

பூக்கடையில் கூட்டம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சின்ன ஏட்டைக் கண்டதும் பூக்காரம்மா பழக்கதோஷத்தில் பலகைக்குக் கீழே கையை விட்டாள்.

"அது வேணாம்க்கா. காலையில அனுப்பினதுக்கும் சேத்து இப்பவே காசு தரேன். நல்ல மாலையா ஒண்ணு குடுங்க. எங்க அண்ணனுக்கு."

அவள் கை நின்றது. ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், ஈரச்சாக்கால் மூடியிருந்த கூடையைத் திறந்து, இன்னும் மொட்டு விரியாத மாலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பி கைக்கு வந்த நோட்டைப் பலகையில் வைத்துவிட்டு, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பறந்தான்.

வீட்டில் பெட்டி மாறியிருந்தது. மோட்டார் சத்தமே கேட்கவில்லை. மாமா புது நாற்காலியில் முதலில் கையை ஊன்றிப் பார்த்து, அப்புறம்தான் உட்கார்ந்தார். தம்பி மாலையை அண்ணன் மேல் போட்டான். தண்ணீர்த் துளிகள் அவர் சட்டையில் சிதறின. அண்ணி மாலையில் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். தலைமாட்டில் தயாராக நின்ற மாமா பையனிடம், "நீ பின்னாடி போப்பா" என்றாள்.

பாடையைத் தூக்கினார்கள், தெருமுனையில் நின்ற வண்டி வரைக்கும். தெரு நிறைய ஆட்கள். பந்தல்காரர் நின்றார், டீக்கடைக்காரர் நின்றார். அண்ணன் அபராதம் போட்டவர்கள்கூட நின்றார்கள். வலது தோளில் அண்ணனின் பாரம் ஏறியதும் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

"சார்! ஏ சார்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூக்காரம்மா ஓடிவந்தாள். "உஷ்" என்றார் ஒருவர். அவள் கேட்கவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அவன் பக்கத்தில் வந்து, கூடவே நடந்தாள்.

"மிச்சத்த வாங்காம வந்துட்டீங்களே!"

அவனால் திரும்ப முடியவில்லை. ஒரு கை அண்ணனைப் பிடித்திருந்தது. தொங்கிய இன்னொரு கையைப் பற்றி, விரல்களை விரித்து, அவள் மிச்சப் பணத்தை வைத்து மூடினாள். பூத்தண்ணீரில் நனைந்த நோட்டும் சில்லறையும். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளில் அண்ணனோடு, அவன் அடுத்த அடியை வைத்தான்.