புகைபோக்கிக்குக் கீழே

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் கழுத்தில் கடற்படைக் கறுப்புப் பட்டுத்துணியை ஐர்மா மூன்றாவது முறையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது டட்டன் வந்து நின்றார். 'ரெட்ஃபீல்ட்' குரூசர் போர்க்கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குப் பிரெமர்ட்டன் ஊரில் ஒரு சங்கம் உண்டு, இவர்தான் தலைவர்.

"பலகை எங்க?"

"கோவிச்சுக்காதீங்க ஐர்மா. கப்பல்ல முதல்முதலா கொடியேத்தின அன்னிக்கு இருந்தவங்க பெட்டியிலதான் அதோட மேல்தளத்துத் தேக்குப் பலகைத்துண்டை வைப்போம். உங்கப்பா அன்னிக்கு இருந்தவங்கள்ல இல்ல."

"யார் சொன்னது?"

"இதோ, அன்னிக்கு எடுத்த போட்டோ. முப்பத்தொண்ணாம் வருஷத்துது. பூதக்கண்ணாடி வச்சுத் தேடிட்டேன்."

ஐர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் சூப்பு சுவரில் வழிந்ததும், சமோவா பக்கம் எல்லாப் பீரங்கியையும் சேர்த்துச் சுட்டதில் சமையலறைப் பீங்கான் நொறுங்கியதும் அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். இந்த மனுஷன் அதில் ஏறியதே போர் முடிகிற சமயத்தில்!

"அப்ப எங்கப்பா புளுகினாரா?"

"வயசானவங்க கொஞ்சம் கூட்டிச் சொல்றதுதானே."

பக்கத்து நாற்காலியில் அம்மா லெட்டி அப்பாவின் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐர்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டு சன்னலுக்குப் போனாள். வரிசை வரிசையாக வெள்ளை உடுப்புகள். ஒரு முகம்கூட அப்பாவுடையது இல்லை. பிறகு முகங்களை விட்டுவிட்டு மேலே பார்த்தாள்.

"இங்க வாங்க. புகைபோக்கியப் பாருங்க."

மெல்லிசாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் மேல பல்லக் காட்டிட்டு நின்னா, கீழ பாய்லர் தானா எரிஞ்சுதா? அப்பா பாய்லர் ஆளு. பலகை வராம இந்தப் பெட்டிய மூட விடமாட்டேன். அடக்கம் அடுத்த வாரம்னாலும் சரி!"

"வேற யாராவது கீழ இருந்திருக்கலாமே..."

"அவருதான்," என்றாள் அம்மா. "அன்னிக்குச் சாயங்காலம் கழுத்தெல்லாம் கரியோட வந்து என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. போய்க் குளிச்சிட்டு வந்து கேளுன்னேன்."

டட்டன் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். காருக்குப் போய்த் திரும்பியபோது கையில் பலகை இருந்தது.

ஐர்மா அதை அப்பாவின் வலது கைக்கு அடியில் செருகினாள். அம்மா எழுந்து வந்து, சலவை வெள்ளையாக இருந்த அவருடைய காலரை இரண்டு முறை தட்டிவிட்டாள்.