தனியாக நான்கு வரி

கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் மறைத்துவிடலாம் என்று எல்லோரும் நினைப்பதுதான். ஹில்லெவி இருபத்தொரு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். எந்தச் சத்தம் குடியால் வருவது, எது கர்ப்பத்தால் வருவது, எது ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊரையே குனிய வைக்கிற அந்த வாந்திநோய் என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள். இது மூன்றாவது. அவள் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, நடைக்கு வந்து காத்து நின்றாள்.

வெளியே வந்தவள் இல்வா. பாடகர் குழுவின் உச்சக்குரல் அவளுடையது. அன்றைய ஒலிப்பதிவின் முக்கியமான தனிப்பாட்டும் அவளுடையதுதான். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. உதட்டோரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள் ஹில்லெவி.

"எனக்கு இன்னிக்குக் காலைலேர்ந்துதான். வீட்டுல பசங்களுக்கு வியாழக்கிழமையே ஆரம்பிச்சிடுச்சு."

"வியாழக்கிழமையா? அப்புறம் எதுக்கு வந்தே?"

"தோர்கெல்கிட்ட சொன்னேன். மாத்திரை போட்டுக்கிட்டு வா, மத்தியானம் வரைக்கும் தாங்கும்னான்." இல்வா சுவரில் சாய்ந்துகொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே ஹில்லெவி. நாலு மாசமா இதையேதான் பாடிக்கிட்டிருக்கேன். தூக்கத்துல கூட."

பிறகு அவள் சுவரில் மாட்டியிருந்த கிருமிநாசினிக் குப்பியை இரண்டு முறை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டாள். அந்தத் திரவம் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று ஹில்லெவிக்குத் தெரியும். அவள் இல்லத்தில் ஒவ்வொரு அறைக் கதவிலும் அதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இல்வா தேவாலயத்துக்குள் போகும் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள், உள்ளே போனாள். ஹில்லெவி அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் முப்பது பேர் அதைத் திருகப்போகிறார்கள்.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. ஏரிக்கரைக் கல் தேவாலயத்தில் சூடேற்றும் கருவியைக் காலை ஏழு மணிக்கே நிறுத்தியிருந்தார்கள். அதன் காற்றாடி இரைச்சல் ஒலிவாங்கியில் விழுமாம். பலகைத் தரை முனகக் கூடாது என்று எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நின்றார்கள். பள்ளி ஆசிரியர், தபால்காரி, இரண்டு பொறியாளர்கள், வங்கி மேலாளர் என முப்பத்திரண்டு பேர். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாத்தியம் எதுவும் இல்லாமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு கூடுகிறவர்கள். ஒருவர் குரல் தெரியாமல் இன்னொருவர் குரலுக்குள் கரைந்து நிற்பதுதான் அவர்கள் பழகியது, பெருமைப்பட்டது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் இரண்டாவது ஆளாகப் பதினெட்டு வருடம் நின்றிருக்கிறாள் ஹில்லெவி. இந்தப் பதினெட்டு வருடத்தில் அவள் குரலைத் தனியாக யாரும் கேட்டதில்லை. அதுதான் நல்ல பாடகியின் அடையாளம் என்று தோர்கெல் சொல்லிச் சொல்லி அவளும் நம்பியிருந்தாள்.

தோர்கெல்தான் குழுவை நடத்துகிறவன். அவன் வாசல் முகப்பில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ஹில்லெவி நேராகப் போய்ச் சொன்னாள்.

"இல்வாவை வீட்டுக்கு அனுப்பு. எல்லாரையும் அனுப்பு. இது ஒருத்தரோட நிக்காது."

அவன் பதறவில்லை. வாழைப்பழத் தோலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். எதிராளியின் மேற்கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது அவன் வழக்கம். பிடித்தான்.

"திங்கட்கிழமை கூரை வேலை ஆரம்பிக்குது. சாரம் கட்டிட்டாங்கன்னா செப்டம்பர் வரைக்கும் இந்த இடம் கிடையாது. இந்த எதிரொலி நமக்கு வேற எங்கயும் கிடைக்காது, உனக்கே தெரியும்."

"அடிக்குரல் பாடற சிக்ஸ்டெனுக்கு எழுபத்தாறு வயசு. அவர் வரிசையில பாதிப் பேர் அறுபதைத் தாண்டினவங்க."

"வயித்து வலிதானே. ரெண்டு நாள்ல போயிடும்."

"எங்க இல்லத்துல ரெண்டு நாள்ல போனவங்க வேற மாதிரி போனாங்க."

தோர்கெல் அப்போதுதான் நினைவுக்கு வந்தவன் போல, வேறு பேச்சை எடுத்தான். "கடைசிப் பாட்டோட ஆரம்பம் நாலு வரி இருக்கே. ஆல்ட்டோ மொத்தமும் சேர்ந்து பாடினா கனமா விழுது. ரெண்டு வாரமா யோசிக்கிறேன். அதை நீ தனியா பாடு."

என்ன நடக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு நொடிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் அவளால் தன்னை மன்னிக்க முடியாமல் போனதற்கு அந்த நொடி இல்லாததுதான் காரணம். கண்ணெதிரே ஒரு கை நீளுகிறது, அதில் எலும்புத்துண்டு இருக்கிறது. தன் வாய் ஊறுவதையும் அவள் பார்த்தாள்.

"காபிக்கு வெச்சிருக்கிற அந்தப் பன் கூடையையாவது எடுத்து உள்ள வைக்கச் சொல்லு," என்றாள்.

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க," என்றான் தோர்கெல். அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனான்.

பதினோரு மணிக்குக் காபி இடைவேளை. பக்கத்து மண்டபத்தில் வெப்பக்குடுவைகளும், இலவங்கப்பட்டை மணக்கும் பன்கள் நிறைந்த பெரிய கூடையும் இருந்தன. பன்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. இல்வா, யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாக எடுத்து அழகாக அடுக்கினாள். நல்ல பெண். வீட்டிலும் அப்படித்தான் இருப்பாள். ஒவ்வொரு பன்னிலும் அவள் விரல் படுவதை ஹில்லெவி எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். உரக்கச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் உரக்க எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் நின்ற தபால்காரியிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் மண்டபம் முழுக்கப் பரவியிருக்கும். அவள் வாய்க்குள் அந்த நான்கு வரி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரியில் எங்கே மூச்சு வாங்குவது?

சிக்ஸ்டென் இரண்டு பன்னை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு செவ்வாய்க்கிழமைகளுக்காகவே வாழ்கிறார் என்று குழுவில் சொல்வார்கள். ஒன்றைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி நீட்டினார்.

"பாடறதுக்கு முன்னாடி சாப்பிட்டா குரல் கனக்கும்," என்றாள் ஹில்லெவி.

"அப்ப ரெண்டும் எனக்கே. என் குரல் கனமாத்தான் இருக்கணும்." ஒரு கடியில் பாதிப் பன்னைத் தின்றுவிட்டு, விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினார். "தனியா பாடறியாமே? தோர்கெல் சொன்னான். இத்தனை வருஷம் கழிச்சாவது அவனுக்குக் காது வந்துதே."

அவள் சிரித்தாள். சிரித்ததை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும்.

ஒலிப்பதிவாளர் இங்வே பொருள் அறைக்குள் உட்கார்ந்திருந்தான். அவன் குரல் மட்டும் தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து வரும். முப்பத்து நான்காம் தாளக்கட்டிலிருந்து மறுபடியும், வெளியே ஒரு கார் போச்சு. மறுபடியும், டெனர் ஆம்பளைங்க சுருதி இறங்கிட்டாங்க. ஒருமுறை, "யாரோட வயிறோ கூடவே பாடுது, அதைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இல்வா சிரிக்கவில்லை.

அவள் தனிப்பாட்டு பன்னிரண்டரைக்கு வந்தது. அப்படி அவள் அதற்கு முன் பாடியதில்லை. உடம்பில் வலு இல்லாததால் குரலில் இருந்த அலங்காரம் எல்லாம் உதிர்ந்து, மெல்லிய ஒரு கோடு மட்டும் கூரை வரை நேராக ஏறியது. அடியில் முப்பத்தொரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாங்கினார்கள். ஹில்லெவிக்குக் கண்ணில் நீர் முட்டியது, அதற்காகவே தன்மேல் எரிச்சல் வந்தது. கடைசிச் சுரம் முடிந்தபின் அதன் எதிரொலி அடங்க ஆறு நொடி ஆகும். அதுவரை யாரும் அசையக் கூடாது. இல்வா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க, கண் பிதுங்க, அந்த ஆறு நொடியும் நின்றாள். தோர்கெல் தூக்கிய கையை இறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி, "இதுதான். இதைவிட வேணாம்," என்றது. அவள் காலுறையோடு வழுக்கிக்கொண்டே ஓடினாள். தோர்கெல் புன்னகை செய்தான்.

கடைசிப் பாட்டின் நான்கு வரியை ஹில்லெவி மூன்று முறை பாடினாள். மூன்றாவது முறை தன் குரல் கல்லில் பட்டுத் தனக்கே திரும்பி வருவதைக் கேட்டாள். நன்றாகத்தான் பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேர் விழுந்தார்கள். திங்கட்கிழமை பத்தொன்பது. தோர்கெல் எல்லோருக்கும் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினான்: இந்தப் பருவத்தில் கிருமி எங்கேயும் இருக்கும், யாரையும் குறை சொல்ல வேண்டாம், பதிவு அற்புதமாக வந்திருக்கிறது, எல்லோருக்கும் அணைப்பு. கீழே மூன்று இதயம் போட்டிருந்தான். பதிலுக்குப் பதினேழு பேர் இதயம் போட்டார்கள். அதில் பாதிப் பேர் அதை வாளியைக் கட்டிக்கொண்டு போட்டிருக்க வேண்டும். ஹில்லெவிக்கு அந்த நோய் வரவில்லை. ஒருநாள்கூட. அவள் காத்திருந்தாள், வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். கொஞ்ச நேரம் தள்ளி அவளும் ஒரு இதயம் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரர், சிக்ஸ்டென் வாசலில் பனி வாரப்படாமல் கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டினார். சிக்ஸ்டென் குளியலறைத் தரையில் தன் வாந்தியிலேயே ஒன்றரை நாள் கிடந்திருக்கிறார். எழுந்திருக்கும்போது வழுக்கி இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகமும் பாதி போயிருந்தது. ஏழு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு, ஏப்ரல் நடுவில் ஹில்லெவி வேலை பார்க்கும் இல்லத்துக்கே கொண்டுவந்தார்கள். மூன்றாம் எண் அறை. அவள் பொறுப்பில்.

தினமும் காலையில் அவருக்கு முகம் மழித்து, உடம்பு துடைத்து, அணையாடை மாற்றுவாள். அவர் கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசுவார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யாராவது கொண்டுவந்திருக்கும். அதுங்களை என்ன சொல்ல முடியும்?" என்றார் ஒரு நாள். அவள் துணியைப் பிழிந்தாள். வேலையில் எத்தனையோ வருடமாக அருவருப்பு என்ற ஒன்று அவளுக்கு இருந்ததில்லை. மலமும் சளியும் அவளுக்குச் சாதாரணம். இப்போது கையுறைக்குள் இருக்கும் தன் கையைப் பார்த்தால் மட்டும் அருவருத்தது.

மே மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தோர்கெல் வந்தான். கையில் மஞ்சள் பூங்கொத்து, இன்னும் உறை பிரிக்காத இசைத்தட்டு. உறையில் பனி மூடிய ஏரி. சிக்ஸ்டெனின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினான். இலையுதிர் காலத்தில் அவரைச் சக்கர நாற்காலியிலாவது வைத்துப் பாட வைப்பேன் என்றான். போகும்போது நடையில் ஹில்லெவியை அணைத்துக்கொண்டான். கழுத்துத் துண்டில் தொண்டை மிட்டாய் வாசனை.

"வானொலியில உன் நாலு வரியைத்தான் முதல்ல போடறாங்களாம். இங்வே சொன்னான், அந்தக் குரல்ல ஏதோ இருக்காம்."

"என்ன இருக்காம்?"

"சொல்லத் தெரியலைன்னான்."

அவள் அவனைத் தள்ளவில்லை. எந்த நாள் ஒலிபரப்பு என்று கேட்டாள். கேட்ட வாயைப் பிறகு கழிப்பறையில் போய்க் கழுவினாள்.

அவள் திரும்பி வந்தபோது சிக்ஸ்டென் உறையைப் பல்லால் கிழிக்க முயன்றுகொண்டிருந்தார். வாங்கி, பிரித்து, ஜன்னல் விளிம்பில் இருந்த பாட்டுப் பெட்டியில் தட்டைப் போட்டாள்.

"கடைசிப் பாட்டு," என்றார். "உன்னோடது."

அவள் குரல் வந்தது. முதல் வரிக்கு முன்னால் அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு பாவமும் அறியாத ஒருத்தியின் குரல் போல அவ்வளவு தெளிவாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சிக்ஸ்டென், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு, பதிவு நடந்த அன்னிக்குக் காலையிலயே எனக்கு..."

அவர் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார்.

"பாட்டு நடக்குது, ஹில்லெவி."

நான்கு வரி முடிந்து மற்றவர்கள் சேர்ந்தார்கள். ஆண்களின் அடிக்குரல் எழுந்தபோது சிக்ஸ்டெனின் காய்ந்த உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அறைக் கதவு திறந்திருந்தது. எதிரே சாப்பாட்டுக் கூடத்தில் முள்கரண்டிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி, மென்றுகொண்டிருந்த உருளைக்கிழங்கை உள்ளங்கையில் துப்பி, விரல்களை மூடிக்கொண்டு, வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். அவள் விரலிடுக்கில் மசியல் வெள்ளையாகக் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. துடைக்கும் துணி ஹில்லெவியின் மடியில்தான் இருந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை.