இரண்டாவது அடி

ஞானேஸ்வரி தன் வாழ்க்கையில் ஒரேயொரு ஆளைத்தான் அடித்திருக்கிறாள். அதுவும் இரண்டே அடி. முதலாவது அடியைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டாவது அடிதான் அவளைப் பதினாறு மாதங்கள் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாக அலைய வைத்தது.

அக்கராயன் குளத்துத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்களில் ஒன்றரை ஏக்கர் அவளுடையது. கணவர் வவுனியாவில் அரிசி ஆலையொன்றில் வேலை செய்தார். மாதத்தில் இரண்டு தடவை வந்து போவார். மற்ற நாட்களில் வயலும் வாய்க்காலும் அவள் பொறுப்பு. அவளுக்கு மேல்வயல்காரர் வீரபாகு. எண்பத்தேழு கிலோ எடை. சித்திரை விளையாட்டு விழாவில் கயிறிழுக்கும்போது கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியாக நிற்பவர் அவர்தான். பதினொரு வருடமாக அவருடைய கால் ஓரடி முன்னால் நகர்ந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவரும் சொல்வார்.

அந்தச் சிறுபோகத்தில், கோடை விதைப்பில், குளத்தில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் பாய்ச்சினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஞானேஸ்வரியின் முறையில், வீரபாகு வந்து அவளுடைய வாய்க்காலை மண் போட்டு அடைத்தார். அவள் மண்வெட்டியோடு போய் மண்ணை இழுத்துவிட்டாள்.

“அண்ணை, இண்டைக்கு என்ர முறை. உங்களுக்கு நாளைக்குத்தானே.”

“எனக்கு முறை சொல்ல வந்திட்டியோ? அடைக்கிறன், தொட்டுப்பார்.”

அவர் அடைத்தார். அவள் திறந்தாள். மூன்றாவது தடவை அவர் குனியவில்லை. இடுப்பில் செருகியிருந்த காட்டுக்கத்தியை உருவி ஓங்கினார். வெட்டுவதற்காக ஓங்கினாரா, வெருட்டுவதற்காகவா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஞானேஸ்வரிக்குப் பின்னால் வாய்க்கால், முன்னால் கத்தி. அவள் மண்வெட்டியின் தகட்டைத் தன் பக்கம் திருப்பி, பிடியால் அவருடைய மணிக்கட்டில் அடித்தாள். கத்தி சேற்றில் விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய அந்தக் கையில் அவள் மறுபடி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

வீரபாகு எழுந்து ஓடினார். ஓடும் அவருடைய முதுகைப் பார்த்ததும் அதுவரை வராத கோபம் அவளுக்கு வந்தது. ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தாள். அது அவருடைய பின்புறத்தில் பட்டுச் சிதறியது.

அவள் செய்த பிழை, அதன் பிறகு தண்ணீரைப் பாயவிட்டு, பாய்ந்து முடியும்வரை வரம்பில் இருந்ததுதான். வீரபாகு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவித்தது. பொலிசில் அவருடைய முறைப்பாடு பன்னிரண்டு மணிக்கே பதிவாகிவிட்டது. தான் வெறுங்கையோடு நின்றதாகவும், அவள் பின்னால் வந்து திடீரென்று இரண்டு அடி அடித்ததாகவும் சொல்லியிருந்தார். மண்கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஓடியதையும் சொல்லவேண்டி வரும்.

அவளைக் கூப்பிட்டு விசாரித்த சார்ஜன் நல்ல மனிதர்தான். தேநீரும் கொடுத்தார்.

“அம்மா, அவர் கத்தியை எடுத்தவுடனை நீங்கள் எங்களுக்கெல்லோ அறிவிச்சிருக்க வேணும்?”

“ஐயா, வயலிலை இருந்து இஞ்சை வர சைக்கிளிலை முக்கால் மணித்தியாலம். போயிட்டு வாறன், அதுவரைக்கும் ஓங்கின கையை அப்பிடியே வைச்சிருங்கோ எண்டு அவரிட்டைச் சொல்லிப்போட்டோ வாறது?”

சார்ஜன் சிரித்துக்கொண்டே, அவளுடைய மண்வெட்டியைச் சான்றுப்பொருளாக எடுத்து அதில் இலக்கத் துண்டு கட்டினார். கத்தியை யாரும் போய்த் தேடவில்லை. முறைப்பாட்டில் கத்தி இல்லையே.

கடுங்காயம் விளைவித்ததாக அவள்மேல் வழக்கு வந்தது. நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். தன் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டபோது, ஞானேஸ்வரி வேறு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்காக வாதாட வந்தவர் சாரங்கா என்ற இளம் சட்டத்தரணி. முதல் நாளே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டத்தைப் பிட்டுப்பிட்டு வைத்தார்.

“அக்கா, ஒருத்தர் உங்களை வெட்ட வந்தால் நீங்கள் திருப்பி அடிக்கலாம். அது உங்கட உரிமை. வெட்டு விழுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கச்சொல்லிச் சட்டம் சொல்லேல்லை. ஆனால் ஆபத்து இருக்குமட்டும்தான் அந்த உரிமை. தப்புறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் அடிக்கலாம். கத்தி விழுந்தாப் பிறகு ஏன் இரண்டாம் தரம் அடிச்சனீங்கள்?”

“கத்தியை எடுக்கக் குனிஞ்சவர் மிஸ்.”

“அப்ப ஆபத்து முடியேல்லை. நல்லது. நீங்கள் தகட்டாலை வெட்டாமல் பிடியாலை அடிச்சதும் நல்லது. பிறகு?”

“பிறகு அவர் ஓடினவர். நான் மண்கட்டியாலை எறிஞ்சனான்.”

சாரங்காவின் பேனை நின்றது. “அது ஏன்?”

“கோபத்திலை.”

“கோபத்துக்குச் சட்டத்திலை இடமில்லை அக்கா. ஓடுற ஆளிட்டை உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ. கேக்காட்டி நீங்களாச் சொல்லாதேங்கோ.”

ஆக, எலும்பை முறித்ததற்கு நியாயம் இருந்தது. ஒருவருக்கும் நோகாத மண்கட்டிக்குத்தான் நியாயம் இல்லை. ஞானேஸ்வரிக்கு இது விளங்கப் பல நாட்கள் எடுத்தன. கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் யோசித்துக்கொண்டே போனாள். பொலிசோ வீரபாகுவோ கடைசிவரை மண்கட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தவணைகள் வந்துகொண்டேயிருந்தன. ஒரு தடவை வைத்திய அறிக்கை வரவில்லை, ஒரு தடவை வைத்தியர் வரவில்லை. அடுத்த சிறுபோகத்தில் இரண்டு தவணைகள் அவளுடைய தண்ணீர் முறை நாட்களிலேயே விழுந்தன. அந்த நாட்களில் அவளுடைய வாய்க்காலை ஒருவரும் அடைக்கவில்லை. திறப்பதற்கும் ஒருவரும் இருக்கவில்லை. வரம்போரத்தில் கால் ஏக்கர் பயிர் காய்ந்து போனது.

பிரச்சினை எலும்பை முறித்த இரண்டாவது அடியில்தான் வந்து நின்றது. பார்த்த சாட்சி யாரும் இல்லை. தன்னைக் காக்கவே அடித்தேன் என்று சொல்பவர்தான் அதைக் காட்டவும் வேண்டும் என்றார் சாரங்கா. கத்தி இருந்தது என்பதற்கு ஞானேஸ்வரியின் வாயைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இதற்கிடையில் ஊரில் வீரபாகுவின் பாடு அவளுடையதைவிட மோசமாக இருந்தது. மாவுக்கட்டோடு கடைக்குப் போனால், “என்னண்ணை, கயிறு அறுந்துபோச்சுதோ?” என்று கேட்டார்கள். அடுத்த சித்திரையில் கயிற்றின் நுனியை வேறு ஒருவருடைய இடுப்பில் சுற்றினார்கள். நீதிமன்றத்தில் நிரபராதியாக நிற்க அவர் வெறுங்கையோடு அடிவாங்கியிருக்க வேண்டும். ஊரில் ஆம்பிளையாக நிற்கவோ அந்த வெறுங்கை பெரும் இடைஞ்சல்.

கடைசியில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிய நாள் வந்தது. வழக்குப் பார்க்க ஊரிலிருந்து பத்துப்பேர் வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். சாரங்கா மரியாதையோடு தொடங்கினார்.

“உங்கட நிறை எவ்வளவு?”

“எண்பத்தேழு கிலோ.”

“கயிறிழுக்கிறதிலை நீங்கள்தான் கடைசி ஆள் எண்டு கேள்விப்பட்டன்.”

“பதினொரு வருஷம்,” என்று வீரபாகு நெஞ்சை நிமிர்த்தினார்.

“எதிரியின்ர நிறை நாற்பத்திரண்டு கிலோ. நீங்கள் சொல்லுறபடி, இந்த அம்மா ஒரு தடியாலை ரெண்டு தட்டுத் தட்ட, நீங்கள் ஒண்டும் செய்ய ஏலாமல் கையை முறிச்சுக்கொண்டு ஓடிப்போனீங்கள். சரிதானே?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிவான் நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் வீரபாகுவின் காதில் அது விழுந்துவிட்டது.

“ஓடேல்லை.”

“சரி, நடந்து போனீங்கள். ஒரு மெலிஞ்ச மனுசிக்கு முன்னாலை உங்களாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சுது.”

“செய்ய ஏலாமலோ? அவளாலை என்னைத் தொட ஏலுமோ? நான் கத்தியை எடுக்கக் குனிஞ்ச நேரமாப் பாத்தெல்லோ அவள் அடிச்சவள்! இல்லாட்டி அண்டைக்கு ஒரே வெட்டிலை…”

வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி தன் கோப்பை மெதுவாக மூடினார்.

“எந்தக் கத்தியை?” என்று சாரங்கா அமைதியாகக் கேட்டார்.

வீரபாகு அதற்குப் பிறகு சொன்னவை எதுவும் பெரிதாகப் பயன்படவில்லை. ஞானேஸ்வரி தன்னைக் காப்பதற்கு வேண்டியதற்கு மேல் எதுவும் செய்யவில்லை என்று நீதிவான் அவளை விடுதலை செய்தார். கத்தியைப் பற்றி விசாரிக்கும்படி பொலிசுக்கும் சொன்னார்.

வெளியே வந்ததும் சாரங்கா அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். ஞானேஸ்வரிக்குச் சந்தோஷம் வரவில்லை.

“மிஸ், இவ்வளவு நாளும் நான் சொன்னது உண்மை. அவர் ஒரு நிமிஷம் ரோசப்பட்டுச் சொன்னதாலைதானே அது உண்மையாச்சுது. அவர் பொறுமையான மனுசனா இருந்திருந்தால்?”

சாரங்கா கோப்புகளை மாற்றி அடுக்கினார். “பொறுமையான மனுசனா இருந்திருந்தால் கத்தியை ஓங்கியிருக்க மாட்டார் அக்கா,” என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு உள்ளே போனார்.

ஊருக்குப் போகும் பின்னேர பஸ்சில் ஞானேஸ்வரிக்கு இடம் கிடைத்தது. பஸ் புறப்படும் நேரத்தில் வீரபாகுவும் ஏறினார். வேறு பஸ் இல்லை. நிற்க மட்டுமே இடமிருந்தது. சுகமாகியும் பலம் வராத வலக்கையால் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல், இடக்கையால் தொங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு குழியிலும் ஆடினார்.

ஞானேஸ்வரி கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“அண்ணை, இருங்கோ. கை நோகும்.”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“எனக்கு ஒண்டும் இல்லை. நீ இரு,” என்றார் வீரபாகு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவள் மறுபடி கேட்கவில்லை, மறுபடி உட்காரவுமில்லை. இருவரும் ஊர்வரைக்கும் நின்றுகொண்டே போனார்கள். வெறுமையாய்க் கிடந்த இருக்கையில், நடத்துனர் தன் பையை மடியில் வைத்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.