வலது பக்க இருக்கை

விமானம் ஊருக்குள் வந்த அன்று பாதி ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடமேற்கில் நாங்கள் யார் முகத்துக்கு நேரேயும் சிரிக்கமாட்டோம். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம்.

உலகப் போரில் ஆட்களையும் பெட்டிகளையும் சுமந்து பறந்த இரட்டை எஞ்சின் ராணுவ விமானம் அது. போர் முடிந்து பயிருக்கு மருந்து தெளித்தது. அதற்கும் ஆகாமல் போனபின் யாரோ ஒருவர் பண்ணையில் வயிறு நிறைய வைக்கோலோடு கிடந்தது. அதை ஆர்விட் ட்வேட்டன் இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தன் கொட்டகை முன்னால் இறக்கினார். பக்கத்துப் பண்ணை கோர்டி வேலியில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பண்ணப் போற இத?"

"ரோட்டுல ஓட்டப் போறேன்."

"ம். வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார் கோர்டி. எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

ஆர்விட் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ்களின் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் கை பட்ட பஸ் எதுவும் மாவட்ட எல்லையைத் தாண்டியதில்லை. காலையில் போகும், மாலையில் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும். ஓய்வு பெற்றபின் அவருக்கு வந்த ஆசையை ஊர் கிறுக்கு என்றது. அவருடைய மனைவி மார்லிஸ் அப்படி நினைக்கவில்லை. அதே ஊரில் பிறந்து, அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து, உப்புத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று தெரியாமலே அறுபது வயதைத் தாண்டியவள் அவள். விமானத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. நல்ல படபடப்பு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆர்விட் சொன்னார்:

"இது முடிஞ்சதும் மேற்கே போகப் போறேன். கடல் வரைக்கும். நீயும் வர்றியா?"

"அய்யய்யோ, நான் எதுக்கு? உனக்குத்தான் தொந்தரவு."

ஆர்விட் தலையாட்டினார். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். இங்கே ஒருவர் கேக் துண்டை நீட்டினால் முதல் தடவை "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவையும் நீட்டினால்தான் எடுக்கலாம். முதல் தடவையே எடுப்பவனை அலைகிறவன் என்போம். மூன்று தடவை நீட்டாதவனை அதைவிட மோசமாகச் சொல்வோம். மார்லிஸ் சொன்ன "நான் எதுக்கு" இந்த முறையில் முதல் படி. இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. கேள்விதான் வரவில்லை. நாளைக்குக் கேட்பார் என்று எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

வேலை மூன்று வருடம் நடந்தது. முதலில் எஞ்சின்கள் போயின. பிறகு இறக்கை. உடம்போடு ஒட்டியிருந்த இறக்கை மிச்சத்தை ஆர்விட் ரம்பத்தால் அறுத்தபோது மார்லிஸ் சமையலறை ஜன்னலை மூடிக்கொண்டாள். ஒரு விமானத்தைத் தரையில் ஓட்டுவதென்றால், இனி இது பறக்காது என்று முதலில் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்யும் மனசு ஆர்விட்டுக்கு இருந்தது. அறுத்துவிட்டு வந்து கைகழுவி வழக்கம்போல் சாப்பிட்டார். இந்த மனுஷனுக்கு ஒன்றை விட்டுவிடுவது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று மார்லிஸ் அன்றே யோசித்திருக்கலாம்.

சாலையில் வளைந்து திரும்ப நீளம் குறைய வேண்டும் என்று வாலும் போனது. மிச்சமிருந்த உடம்பை, பின்பக்கம் எஞ்சின் உள்ள ஒரு கழித்துக் கட்டிய பஸ்ஸின் அடிச்சட்டத்தில் தூக்கி உட்கார வைத்தார்கள். விமானியின் இடத்தில் பஸ்ஸின் ஸ்டீயரிங் வந்தது. காலடியில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வந்தன. கண்ணாடிக்கு வைப்பர் வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விளக்குகள் வந்தன.

அறுத்த இடங்களையெல்லாம் புதுத் தகடு வைத்து மூட வேண்டியிருந்தது. விமானத் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்க ஒரு ஆள் போதாது. வெளியிலிருந்து ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, உள்ளே இன்னொருவர் ஆணியின் மறுமுனையில் இரும்புக் கட்டியை அண்டக்கொடுக்க வேண்டும். உள்ளே குந்தியிருந்தது மார்லிஸ். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது; சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆணி சரியாக உட்கார்ந்தால் அவள் தகட்டில் ஒரு தட்டு தட்டுவாள், கோணினால் இரண்டு. இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள். அந்த மூன்று வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதைவிடத் தட்டிக்கொண்டதே அதிகம். மணிக்கட்டு வீங்கி, ராத்திரி ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு படுத்த நாட்களும் உண்டு. இதில் நாம்தானே உட்காரப் போகிறோம் என்று பொறுத்துக்கொண்டாள்.

கடைசி வருடம் வசந்தத்தில், விமானியின் வலது பக்கத்து இருக்கையை ஆர்விட் கழற்றி வெளியே வைத்தார். மெத்தை மாற்றத்தான் என்று மார்லிஸ் முடிவு கட்டி, நீலக் கட்டம் போட்ட துணி வாங்கி வந்து தையல் மெஷின் மேல் வைத்தாள். ஆகஸ்டில் அந்த இடத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது, திருப்பினால் வழுக்குகிறது, மூக்கில் எடை வேண்டும் என்றார் ஆர்விட். அப்படியானால் வேறு எங்கேயோ ஒரு இருக்கை வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் வாய்விட்டுக் கேட்டவர்களைக் கைவிரல்விட்டு எண்ணிவிடலாம்.

செப்டம்பர் கடைசியில் வண்டியைச் சோதிக்கச் சாலைக் காவல்துறையிலிருந்து ரெனே வந்தாள். சின்ன வயதில் ஆர்விட் பழுதுபார்த்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தாள். படுத்துக்கொண்டு அடிச்சட்டத்தைப் பார்த்தாள். அகலத்தை நாடா வைத்து அளந்தாள். கோர்டி வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். மார்லிஸ் தட்டில் எலுமிச்சை கேக்கும் காப்பியும் எடுத்து வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா இத என்னன்னு எழுதறது? பஸ்ஸா, காரா?"

"கோழிக்கூடுன்னு எழுதும்மா" என்றார் கோர்டி. "இறக்கைய வெட்டினா கோழி எங்கயும் போகாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. இவரு கடலுக்குப் போறாராம்."

ரெனே சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஓட்டறவரு சீட்டு தவிர வேற எத்தன சீட்டு சார்?"

"வேற ஒண்ணும் இல்ல. ஓட்டற சீட்டு மட்டும்தான்."

ரெனே நிமிர்ந்து மார்லிஸைப் பார்த்தாள். "ஓ. அப்ப மேடம் வரலையா?"

"அவளுக்கு இஷ்டமில்ல" என்றார் ஆர்விட், இன்றைக்கு மழை இல்லை என்பதுபோல.

மார்லிஸ் புன்னகை செய்தாள். வேறு என்ன செய்வாள், ஆட்கள் இருக்கிறார்களே. தட்டை நீட்டினாள்.

"கேக் எடுத்துக்கம்மா."

"இல்ல மேடம், வேணாம்."

"சின்னத் துண்டுதான்."

"இப்பதான் சாப்பிட்டேன் மேடம்."

"அட, எடுத்துக்கோன்னா."

"சரி, இவ்ளோ சொல்றீங்க" என்று ரெனே எடுத்துக்கொண்டாள். மார்லிஸ் தட்டில் மிச்சமிருந்த துண்டுகளைப் பார்த்தாள். ஒரு கேக் துண்டுக்கு இந்தப் பெண்ணை மூன்று தடவை கேட்டாயிற்று. கடலுக்கு வர அவளை ஆர்விட் கேட்டது ஒரே ஒரு தடவை.

ரெனே போனாள், கோர்டி போனார். திங்கட்கிழமை கிளம்பினால் பனி விழுவதற்குள் வழியிலுள்ள மலையைத் தாண்டிவிடலாம் என்று ஆர்விட் சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் போனார். மார்லிஸ் சமையலறையில் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், கோபம்தான் வந்தது. நாற்பது வருடத்துக் கோபம் மொத்தமாக வந்தது. ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். ஆர்விட் விமானத்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆர்விட். எனக்கு ஒரு சீட்டு வேணும்."

'வேணும்' என்பது எங்கள் ஊரில் ஒரு கெட்ட வார்த்தைக்குச் சமம். கடையில் பால் கேட்கும்போதுகூட, இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்போம். சொன்னபிறகு மார்லிஸுக்குக் காது சூடானது.

"எதுல?"

"எதுலயா? சர்ச்சுலயா கேப்பேன்? இதுலதான்."

"நீதான் வரலன்னியே."

"எப்ப சொன்னேன்?"

"முதல் நாளே. சாப்பிடும்போது. 'நான் எதுக்கு'ன்னு சொன்னல்ல?"

"ஒரு தடவதான சொன்னேன்! நீ ஒரு தடவதான கேட்ட!"

ஆர்விட் துணியைக் கீழே வைத்தார். அவர் முகமும் சிவந்தது.

"ஊர்க்காரங்ககிட்டதான் அந்தக் கூத்தெல்லாம். வீட்டுக்குள்ளயுமா? நாப்பது வருஷம் கூட இருந்துட்டு, நீ வேணாம்னா வேணாம்னு எடுத்துக்கக் கூடாதா?"

"நான் என்னிக்காவது முதல் தடவையே சரின்னு சொல்லியிருக்கனா? கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டப்பவே, 'எங்கம்மாவ யாரு பாத்துக்குவா'ன்னுதான சொன்னேன்? அப்ப மட்டும் மூணு தடவ கேக்கத் தெரிஞ்சுதா?"

ஆர்விட் விமானத்தின் மூக்கில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு, அவரைப் பொறுத்தவரை மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"நீ வரலன்னதும் மொதல்ல கஷ்டமாதான் இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. அப்புறம்... பொய் சொல்ல மாட்டேன் மார்லிஸ். தனியாப் போற நெனப்பு பிடிச்சுப்போச்சு. ராத்திரி படுத்தா அத நெனச்சுக்கிட்டேதான் தூங்குவேன். நான், ரோடு, அவ்ளோதான். மறுபடி கேட்டா நீ சரின்னு சொல்லிருவியோன்னுதான் கேக்கல."

அது வலித்தது. ஒரு தடவைதான் கேட்டார் என்பதைவிட, மறுபடி கேட்கப் பயந்தார் என்பது பல மடங்கு வலித்தது. ஆனால் அந்த ஆள் உண்மையைச் சொல்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இறக்கையை அறுத்துவிட்டுச் சாப்பிட வந்தபோது அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படியில்லை இப்போது. இதைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது.

"அந்த நெனப்ப நான் கெடுத்துட்டேன்னு வச்சுக்க" என்றாள். "நீ வெளிய நின்ன. உள்ள நின்னு ஒவ்வொரு ஆணியும் வாங்கினது நான். எனக்குக் கடலப் பாக்கணும். வேணும்னா வழியெல்லாம் பேசாம வர்றேன். ஆனா வருவேன்."

ஆர்விட் உள்ளே ஏறினார். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, அதன் காலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"இத எடுத்தா மூக்கு லேசாயிரும்."

"நான் ஒண்ணும் இறகு இல்ல."

"உன்ன மாதிரி மூணு பேரு எடை இது." சொல்லிவிட்டு அவர் கணக்குப் போட்டார். "தொட்டிய அடியில, முன்சக்கரத்துக்கு முன்னால தொங்க விடணும். சட்டத்த அறுத்துப் புதுசா பத்தவைக்கணும். ரெனேவ மறுபடி கூப்பிடணும். அதுக்குள்ள பனி வந்துரும். இந்த வருஷம் கெடையாது மார்லிஸ். மே மாசம்தான். அதுக்குள்ள என் முட்டி எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த இடத்தில் அவள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியது, அம்மா சொன்னது, சர்ச்சில் வரிசையில் நிற்கும் எல்லாப் பெண்களும் சொல்வது: 'பரவால்ல, நீ போயிட்டு வா. நான் அடுத்த தடவ பாத்துக்கறேன்.' அது தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கில் அதன் முதல் எழுத்துகூட வந்துவிட்டது.

மார்லிஸ் அதை விழுங்கினாள். ஒரு மனிதருக்கு இவ்வளவு பெரிய சிரமத்தைக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், புன்னகையும் செய்யாமல் நின்றாள்.

வெளியே கோர்டியின் டிராக்டர் சத்தம் வந்து தேய்ந்தது. ஆர்விட் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் கொட்டகைத் தரையில் ஓடி அவள் செருப்பை நனைத்தது. அவள் நகரவில்லை. அவர் கீழே இறங்கி, சட்டம் அறுக்கும் மெஷினைச் சுவரிலிருந்து எடுத்து மின்இணைப்பில் செருகிவிட்டு, மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்தார்.

"இந்தா, கண்ணாடியப் போட்டுக்க" என்றார். "தீப்பொறி பறக்கும்."