ஒரு டின்னின் எடை

எந்த அளவும் அலகின்றி முழுமை பெறுவதில்லை. நாற்பத்து நான்காம் வயதில், தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டம் பெற்றபோது நான் கற்ற முதன்மையான உண்மை இது. ஆகவேதான், எங்கள் தேங்காய் எண்ணெய் நிறுவனம் சரக்குப் போக்குவரத்தைத் திட்டமிடும் மென்பொருள் ஒன்றை வாங்கியதும், அதில் தரவுகளை நிரப்பும் பொறுப்பை நானே கேட்டுப் பெற்றேன். கோவை கணபதிப் பகுதியிலுள்ள கிடங்கில் பன்னிரண்டு ஆண்டுகள் டின் சுமந்து, பின்னர் அதே கிடங்கின் பொறுப்பாளர் மேசைக்கு வந்தவள் நான்.

அம்மென்பொருளின் அலகுப் பட்டியலில் கிலோ இருந்தது, லிட்டர் இருந்தது, பீப்பாய்கூட இருந்தது, டின் இல்லை. ‘டின்’ என்றோர் அலகை நானே உருவாக்கினேன். கல்வியின் பயன் இதனினும் வேறு யாது என எண்ணி மகிழ்ந்தேன். அதன் அருகில் ‘எடை’ என்றொரு கட்டம் இருந்தது. எண்ணெய் நிரம்பிய டின் பதினாறு கிலோ என்பது எங்கள் தொழிலில் எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாத செய்தி. அனைவரும் அறிந்ததை எழுதுதல் மிகையெனக் கருதி, அக்கட்டத்தையும் அதுபோன்ற பிறவற்றையும் வெறுமையாக விட்டேன். மென்பொருளோ வெறுமையான கட்டங்களைத் தன்னிடமுள்ள இயல்பு மதிப்பால் நிரப்பிக்கொள்ளும் தன்மையது. எடைக்குரிய இயல்பு மதிப்பு ஒரு கிலோ.

பத்து நாள்களில் மென்பொருளின் முடிவு வந்தது. காங்கேயம் ஆலையிலிருந்து வாரத்திற்கு ஒரே ஒரு லாரி புறப்பட்டு, இரண்டாயிரம் டின்களையும் கோவைக் கடைகளில் நேரடியாக இறக்கிவிடலாம். ஆதலின் கணபதிக் கிடங்கு தேவையற்றது. முதலாளியின் மகன் சுரேந்தர் இதற்கு ஒப்புதல் அளித்தார். திங்களன்று முதல் லாரி. மாத இறுதியில் கிடங்கு மூடல்.

சுமைத்தொழிலாளர் எண்மரும் என் மேசையைச் சூழ்ந்தனர். முன்பு என்னுடன் டின் சுமந்த ராசம்மாள்தான் பேசினார்.

“ஏங்கண்ணு, நீ பாசானதுக்கு எல்லாருக்கும் முட்டாய் குடுத்தியே, இதுக்கு என்ன குடுக்கப்போறே?”

“கம்ப்யூட்டரு சொல்லுதுங்க்கா.”

“அதுக்கு ஆரு சொன்னாங்க?”

அவ்வினாவிற்குரிய விடையைத் தேடி அன்றே தரவுகளை ஆராய்ந்தேன். வாரச் சரக்கின் மொத்த எடை இரண்டாயிரம் கிலோ எனத் திரை காட்டியது. முப்பத்திரண்டு டன், என் கைபட்டு இரண்டு டன்னாக மெலிந்திருந்தது. ஒப்புதல் பெற்ற தரவைச் சுரேந்தரின் கடவுச்சொல்லின்றித் திருத்த இயலாது. பிழையை ஒப்புக்கொண்டால் இத்தகைய பணி மீண்டும் எனக்குக் கிட்டாது. மறைத்தால் எண்மருக்கும் எனக்கும் கிடங்கே கிட்டாது. ஞாயிறு முழுவதும் இவ்விரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, திங்கள் காலை காங்கேயம் பேருந்தில் ஏறினேன்.

ஆலை முற்றத்தில் ஒன்பது டன் லாரி நின்றுகொண்டிருந்தது. ஐந்நூற்று அறுபது டின்கள் ஏறியிருந்தன, டயர்கள் பிதுங்கின. எஞ்சியவை முற்றத்தில் சுவர்போல் நின்றன. ஓட்டுநர் வேலுமணி சரக்குச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

“ஏனுங்க அம்மணி, இன்னும் ஆயிரத்து நானூத்தி நாப்பது டின்னு இருக்குதுங்க. நான் மடியில வெச்சுக்கிட்டு ஓட்டறதுங்களா?”

சுரேந்தர் சினத்துடன் வந்தார். “அடுக்கறவங்க சரியில்லீங்க்கா. அத்தனையும் ஏத்திப்போட்டு இன்னும் ஏழு டன் ஏத்தலாம்னு கம்ப்யூட்டர் காட்டுது.”

“சார், டின்னோட வெயிட்ட நாந்தானுங்க எழுதாம உட்டுப்போட்டேன். அது ஒரு கிலோன்னு எடுத்துக்கிச்சுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலுமணி வானத்தை ஆராயத் தொடங்கினார்.

“மெதுவாப் பேசுங்க்கா. காலியா இருக்கற கட்டத்துக்கெல்லாம் டீஃபால்ட் போட்டுக்கட்டுமான்னு அது நாப்பது தடவ கேட்டுது. நாப்பது தடவையும் நாந்தான் ஓகே குடுத்தேன். அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

“சரியாப் போட்டு இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க சார். அது போதுங்க.”

பதினாறு என்ற எண்ணை இட்டதும், வாரத்திற்கு நான்கு லாரிகளும் கணபதியில் ஒரு கிடங்கும் தேவையென மென்பொருள் சற்றும் கூச்சமின்றி மொழிந்தது. மூடல் அறிவிப்பு, ‘தொழில்நுட்ப முன்னேற்றத்தின் பொருட்டு’ திரும்பப் பெறப்பட்டது. எஞ்சிய முப்பத்தொன்பது கட்டங்களை நிரப்பும் பணியும் எனக்கே வந்தது. வேறெவரிடமேனும் ஒப்படைத்தால், நிகழ்ந்ததை அவருக்கும் விளக்க வேண்டியிருக்கும் அன்றோ?

மறுநாள் கிடங்கில் எண்மரையும் அமர்த்தி, பிழை என்னுடையதென முதலில் கூறினேன். பின்னர் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு டின்னை இறக்க ஆகும் நேரம் எவ்வளவு?

“அதுல இப்ப என்ன போட்டிருக்குது கண்ணு?” என்றார் ராசம்மாள்.

“சைபருங்க்கா.”

“அப்ப இத்தன வருசமா நாங்க என்னத்தச் செஞ்சோம்?” அவர் தலைச்சும்மாட்டை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார். “முக்கா நிமிசம்னு எழுதிக்க. வெயில் காலத்துக்கு ஒரு நிமிசம். டீ குடிக்கற நேரத்துக்குக் கட்டம் இருக்குதான்னு பாரு.”

“இருக்குதுங்க்கா. அதுலயும் சைபர்தானுங்க.”

அன்று நண்பகல்வரை ஒரு டின்னும் இறங்கவில்லை. எண்மரும் விடை சொல்லிக்கொண்டிருந்தனர்.