அப்பப்பாவின் போத்தல்

காலையில் லண்டன் பள்ளிக்கூட வாசலில், மகளின் டீச்சர் மிஸ் ஹார்ப்பர் வந்து பிரியந்தியின் கையைப் பிடித்தாள். மாமனார் தவறிப்போனதைக் கேட்டு எல்லாருக்கும் கவலை என்று அந்தப் பெட்டை ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். சின்ன வயதுதான், கண்கூடக் கலங்கியிருந்தது. பிரியந்தி தலையைக் குனிந்து தாங்க்யூ சொன்னாள். மாமனார் செபமாலைமுத்து அந்த நேரம் மன்னாரில் மத்தியானச் சோற்றை முடித்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பார்.

ஆளைச் சாகடித்தது பிரியந்திதான், வேறு யாருமில்லை. மடு மாதா திருவிழாவுக்கென்று குடும்பமாய் ஊருக்குப் போனார்கள். புருஷன் றொஜன் வேலைக்காக முந்தித் திரும்பிவிட்டான். அவளும் மகள் செரினாவும் நின்றது தங்கச்சியின் கலியாணத்துக்கு. அந்தக் கலியாணமோ செப்டெம்பரில், பள்ளிக்கூடம் தொடங்கும் அதே கிழமையில் வந்து விழுந்தது. கலியாணமென்றால் லீவு தரமாட்டார்கள், தண்டம்தான் வரும் என்பது லண்டன் வால்தம்ஸ்டோவில் எந்தத் தாய்க்கும் தெரியும். காய்ச்சல் என்று சொல்லத்தான் போனை எடுத்தாள். காய்ச்சலென்றால் டொக்டரின் துண்டுச் சீட்டுக் கேட்பார்களே என்பது மணி அடிக்கும்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூட ஒபிஸ்காரி ஹலோ சொன்னாள். பிரியந்தியின் வாயில் செத்தவீடு வந்துவிட்டது. தன் தகப்பனைச் சொல்லலாம் என்றால் அந்த மனிசன் செரினா பிறக்குமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், அது பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். மிச்சமிருந்தது மாமாதான்.

அவள் அந்தப் பொய்யைச் சொல்லும்போது மாமா முற்றத்தில் குந்தியிருந்து, மருமகளுக்குப் பிடிக்கும் என்று நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாத மனிசன். போனை வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"லீவு தந்திட்டாங்களோ பிள்ளை?"

"ஓம் மாமா."

"நல்ல சனங்கள்," என்றார்.

அந்த நண்டு அவளுக்கு இன்னும் செமிக்கவில்லை. லண்டனுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மரித்தோருக்கான மன்றாட்டில் நாக்கு தடக்கியது. உயிரோடு இருக்கிற ஆளைச் செத்தார் என்று சொன்ன வாய். விடிந்தால் முதல் வேலையாய் மன்னாருக்குப் போன் அடித்து அவர் இருமுவதைக் கேட்டால்தான் தேத்தண்ணி இறங்கியது. மருமகளுக்குத் தன்மேல் எவ்வளவு பட்சம் என்று அவர் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாராம்.

பிள்ளைக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடம் போன முதல் நாள் தலை பின்னும்போதே சொன்னாள். "அப்பப்பாவைப் பற்றி ஆரும் கேட்டா தலையை மட்டும் ஆட்டு. வாயைத் திறக்காதை." எட்டு வயதுப் பிள்ளை அப்போதும் தலையை மட்டும்தான் ஆட்டியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் செரினா பள்ளிக்கூடத்திலிருந்து கையில் ஒரு ஜாம் போத்தலோடு வந்தாள். உப்பை நிறச் சோக்கட்டியில் தேய்த்து, அதற்குள் நிறம் நிறமாய் அடுக்கியிருந்தது. வீட்டில் யாரையும் சாவுக்குக் கொடுத்த பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதைப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு மனுசி இருக்கிறாவாம். அவதான் செய்வித்தாவாம், ஒவ்வொரு நிறமும் போனவரின் ஒரு ஞாபகமாம். பிள்ளை கொஞ்சம் அழுதது, ஆனால் நல்ல தைரியசாலி என்று மிஸ் ஹார்ப்பர் சொன்னாள். பிரியந்திக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போலிருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் குனிந்து கேட்டாள். "ஏன் அழுதனி? அப்பப்பா நல்லாத்தானே இருக்கிறார்?"

"தெரியும்." செரினா போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "உண்மையா நடந்தா எண்டு யோசிச்சனம்மா. பிறகு நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

பிரியந்தி பிள்ளையின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டாள். தான் சொன்ன பொய்க்குப் பிள்ளை உண்மையாகவே அழுதிருக்கிறது. திங்கட்கிழமை போய் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேணும், தண்டம் வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். அப்படிச் சொன்னால் நாளைக்குச் செரினாவுக்கு மெய்யாகவே காய்ச்சல் வந்தாலும் ஆர் நம்புவார்கள் என்றும் நினைத்தாள். முதலில் றொஜனுக்குச் சொல்லவேணும். உன் அப்பனை நான் சாகடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

எப்படியும் அவன் வேலையால் வருமுன் போத்தலை அலுமாரிக்குள் ஒளிக்கலாம் என்ற எண்ணத்தோடு கதவைத் திறந்தாள். றொஜன் முந்தியே வந்து சோபாவில் இருந்தான். கையில் போன், திரையில் மாமா.

"செரினா, ஓடி வா! அப்பப்பா கதைக்கிறார்."

பிள்ளை போத்தலோடே ஓடியது.

"அதென்னடி கையில போத்தல்?" மாமா சிரித்தார். "சாராயமோ?"

"இது நீங்கள் அப்பப்பா." செரினா போத்தலைத் தூக்கிப் பிடித்தாள். "நீலம் நாங்கள் கடலில போட்டில போனது. மஞ்சள் உங்கட சைக்கிள். சிவப்பு நண்டுக்கறி."

"எட, என்னை உப்பில போட்டு வைச்சிருக்கிறாய். மேலை ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"மூடி வரைக்கும் இறுக்கி நிரப்பச் சொன்னவை. இல்லாட்டிக் கலந்து போகுமாம்." பிள்ளை குரலைத் தணித்தது. "நான் இடம் விட்டிருக்கிறன். நீங்கள் இன்னும் முடியேல்லைத்தானே."

கிழவருக்கு அது பெரிய பகிடியாகப்பட்டது. இருமி இருமிச் சிரித்தார். றொஜன் சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்தில ஏன் பிள்ளை அப்பப்பாவைச் செய்யச் சொன்னவை?" என்று கேட்டான்.

செரினா வாயைத் திறக்கவில்லை. திரும்பித் தாயைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்தபடியே தலையை ஆட்டவா என்று கேட்பதுபோல நின்றாள்.

"இஞ்சருங்கோ," என்று புருஷனைக் கூப்பிட்டாள் பிரியந்தி. சப்பாத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"கிட்டக் காட்டு மோனை, கண் தெரியேல்லை," என்று மாமா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். ஒரு கண்ணும் நரைத்த புருவமும் மட்டும் தெரிந்தன. செரினா தாயின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே போத்தலை அவர் பக்கம் சரித்தாள். சிவப்பு மெல்ல நகர்ந்து வெறும் இடத்துக்குள் விழுந்தது. அதன் பின்னால் மஞ்சளும், அதன் பின்னால் நீலமும் சரியத் தொடங்கின.