மூத்திரம் ஜெயித்த கதை

1
இது திருட்டுச் சரக்கு. பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்ற பெண் போனில் கத்தினாள்: "அக்கா, மூத்திரம் ஜெயிச்சிடுச்சு!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேனாவைத் தேடினேன். அவள் பேசியதில் பாதி காதில் விழுந்தது, மீதி என் கைச்சரக்கு.

2
(முதல் தொடக்கம்: "மண் பேசும் என்பார்கள், ஆனால்…" அடித்துவிட்டேன். மண் பேசாது. எரித்தால்தான் வாயைத் திறக்கும்.)

அக்கா பழங்கால ஊரைத் தேடி இரண்டு வருடமாக ஒரு மேட்டைத் தோண்டுகிறாள். ஒரு சுவர் இல்லை, ஒரு பானை ஓடு இல்லை. "இங்க யாரும் வாழ்ந்ததே இல்லம்மா. வெள்ளிக்கிழமை குழியை மூடிடுங்க" என்று அகழாய்வுத் தலைவர் சொல்லிவிட்டார்.

போனில் கத்திய தங்கை ஆய்வகத்தில் மண்ணை எரித்து நைட்ரஜனை அளப்பவள். நைட்ரஜனில் லேசானது, கனமானது என்று இரண்டு உண்டு. மாடுகள் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மூத்திரம் பெய்தால் லேசானது காற்றோடு போய்விடும். கனமானது நூற்றாண்டுகள் போனாலும் மண்ணோடு தங்கும்.

"அழுதது போதும்க்கா. மண்ணை அனுப்பு."

3
தங்கை கடுகளவு மண்ணை நகத்தளவு தகரக் கிண்ணத்தில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் மடித்தாள்.

(இங்கே அவளைத் தோற்கடிக்கத்தான் நினைத்திருந்தேன். இலக்கியத்தில் தோல்விக்குத்தானே மரியாதை! "இயந்திரம் பழுதானது. அவள் சன்னல் வழியே" என்று எழுதும்போதே அந்தக் கத்தல் காதில் கேட்டது. பேனா நகர மறுத்தது.)

எண்கள் வந்தன. குழியில் ஒரு நீள்சதுரத்துக்குள் எடுத்த மண்ணிலெல்லாம் கனமான நைட்ரஜன் கூடுதல், அதற்கு வெளியே எடுத்ததிலெல்லாம் குறைவு. அக்கா அனுப்பிய மண்ணாயிற்றே, ஆசையில் தப்பாக அளந்துவிட்டோமோ என்று தன்மேலேயே சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தாள். அதேதான்.

ஆய்வகத்துக்கே வந்த தலைவர் லேசில் விடவில்லை. "இப்ப மேயுற மாடு ஏதாவது மூத்திரம் போயிருக்கும்."

"மேல் மண்ணையும் அளந்துட்டேன் சார், அதுல இல்ல. ஓர் ஆள் உயர ஆழத்துலதான் இருக்கு. மாடு குழிக்குள்ள இறங்கியா போச்சு?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது தொழுவம் சார். மாட்டைக் கட்டினவன் பக்கத்துலதானே படுத்திருப்பான்?"

"குழியை மூட வேண்டாம்" என்றார். "பக்கத்துல தோண்டச் சொல்லுங்க."

4
அந்த மனிதனின் வீடு கிடைத்ததா? தெரியாது. போனில் அக்கா என்ன பதில் சொன்னாள் என்பதும் எனக்குக் கேட்கவில்லை. பேருந்து வந்துவிட்டது.

அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அழுதாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படியில் ஏறும்போதுகூடத் தங்கை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.